டிப்ஸ் வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

வெளிநாடு கிளம்புகிறவருக்கு ஊரில் கிடைக்காத அறிவுரையே இல்லை. ஊறுகாய் பாட்டிலை எப்படிச் சுற்றினால் பெட்டிக்குள் எண்ணெய் கசியாது, எந்த நாட்டுக்கு எந்த மாதிரி பிளக், குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர், விமானத்தில் சைவச் சாப்பாட்டுக்கு எப்போது சொல்லி வைக்க வேண்டும்... பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆனால் போய் இறங்கிய மறுநாளே எதிரில் வந்து நிற்கப் போகிற ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பில் வரும். அதற்கு மேல் எவ்வளவு வைக்க வேண்டும்? முதலில், வைக்கத்தான் வேண்டுமா?

இணையத்தில் தேடினால் பதில் ஓர் அட்டவணையாகக் கிடைக்கும். அமெரிக்காவா, 15 முதல் 20 சதவீதம். ஜெர்மனியா, 5 முதல் 10. ஜப்பானா, வேண்டவே வேண்டாம். அந்த அட்டவணையைப் பார்த்துப் பணத்தை வைத்துவிட்டு வரலாம், தப்பில்லை. ஆனால் "எதற்காக?" என்ற கேள்விக்கு அட்டவணையில் பதில் இருக்காது. பதில் தெரியாமல் கொடுக்கிறவர் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பார். கூட வந்தவர்கள் பார்க்காதபோது கை தானாகச் சுருங்கும்.

அதனால் "எவ்வளவு?" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த ஊரில், சாப்பாடு கொண்டுவந்து வைத்த இவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் டிப்ஸ் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும். சாப்பாட்டு மேஜையில் விசித்திரமாகத் தெரியும் சில பழக்கங்களுக்கும் விளக்கம் கிடைத்துவிடும்.

மூன்று விதமான ஆட்கள்

அமெரிக்கா போகிற நம்மூர்க்காரர்களிடம், முக்கியமாக மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ ஆறு மாதம் தங்கப் போகிற பெற்றோர்களிடமும், முதல் முறை ஆன்சைட் போகிற இளைஞர்களிடமும், மூன்று விதமான மனநிலையைப் பார்க்கலாம்.

முதலாமவர் ரூபாயில் பெருக்குகிறவர். 60 டாலர் பில்லுக்கு 12 டாலர் டிப்ஸ் என்றதும் மனசுக்குள் கால்குலேட்டர் ஓடும். "ஆயிரம் ரூபாய்க்கு மேலே! ஊரில் ஒரு குடும்பமே சாப்பிட்டுவிட்டு வருமே!" என்பார். ஆனால் அதே பெருக்கலை 60 டாலர் பில்லுக்குப் போடமாட்டார். சாப்பாட்டின் விலை அமெரிக்க விலை என்று ஒத்துக்கொள்கிற மனசு, பரிமாறியவரின் கூலியை மட்டும் ஊர் விலையில் எடைபோடுகிறது.

இரண்டாமவர் நீதிபதி. "சர்வீஸ் நன்றாக இருந்தால் கொடுப்பேன், இல்லாவிட்டால் இல்லை" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டிப்ஸ் என்பது நல்ல சேவைக்குப் பரிசு என்றுதானே எல்லோரும் நினைக்கிறார்கள்? "விரைவான சேவையை உறுதி செய்ய" என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் டிப்ஸ் என்ற சொல்லாயின என்று ஒரு கதைகூட மின்னஞ்சல்களில் சுற்றியது. அது வெறும் கதை. அந்தச் சொல்லுக்கும் முதலெழுத்துகளுக்கும் சம்பந்தம் கிடையாது.

மூன்றாமவர் கொள்கைக்காரர். "சம்பளம் கொடுக்க வேண்டியது முதலாளி. அவர் கொடுக்காததை நான் ஏன் கொடுக்க வேண்டும்? கொடுக்கக் கொடுக்கத்தானே இந்த முறை வளர்கிறது?" என்பார். மூவரில் இவருடைய வாதம்தான் வலுவானது. பதில் சொல்ல வேண்டியதும் இவருக்குத்தான். அதற்கு முன் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

2 டாலர் 13 சென்ட்

அமெரிக்காவில் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009 ஜூலையிலிருந்து இதுதான். ஆனால் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியது மணிக்கு 2 டாலர் 13 சென்ட் மட்டும். மிச்சம் டிப்ஸில் வந்துவிடும் என்பது சட்டத்தின் கணக்கு.

அந்த 2.13 எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938இல் வந்தபோது உணவகத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதற்குள் வரவில்லை. 1966இல் சட்டத்தைத் திருத்தி அவர்களைச் சேர்த்தார்கள். ஆனால் குறைந்தபட்சக் கூலியில் பாதி வரை டிப்ஸிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று முதலாளிகளுக்கு ஒரு சலுகையும் கூடவே வந்தது. 1991இல் குறைந்தபட்சக் கூலி 4 டாலர் 25 சென்ட் ஆனது. அதில் பாதிதான் 2.13. பிறகு 1996இல் இந்தப் பாதிக் கணக்கையே துண்டித்துவிட்டார்கள். மற்றவர்களின் கூலி அதன் பிறகு பலமுறை ஏறியது. 2.13 மட்டும் 1991இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

எல்லா மாநிலமும் இப்படி இல்லை. கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது. ஆனால் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் டல்லாஸும் ஹூஸ்டனும் இருக்கிற டெக்சாஸில் இன்றைக்கும் அதே 2.13தான்.

"டிப்ஸ் போதவில்லை என்றால் 7.25 வரை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே?" என்று விவரம் தெரிந்தவர் கேட்பார். இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு வார மொத்தத்தில் போடப்படுவது. வெள்ளி, சனி இரவு வந்த கூட்டத்தின் டிப்ஸ், செவ்வாய்க்கிழமை மதியம் ஈ ஓட்டிய நேரத்தின் கணக்கை நிரப்பிவிடும். அப்படியே ஈடுகட்டினாலும் கிடைப்பது 7.25தான். டல்லாஸில் அந்தக் கூலியை வைத்து வீட்டு வாடகை கொடுக்க முடியுமா என்று அங்கே இருக்கும் மாணவர்களைக் கேட்டால் தெரியும்.

ஒரு மேஜையின் கணக்கு

ஓர் உதாரணம். நான்கு பேர் கொண்ட குடும்பம் 60 டாலருக்குச் சாப்பிடுகிறது. பரிமாறியவர் ஒரு மணி நேரம் அந்த மேஜையைக் கவனித்திருக்கிறார். குடும்பம் டிப்ஸ் வைக்காமல் எழுந்து போய்விடுகிறது. அவருக்கு என்ன நஷ்டம்? "ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதானே" என்று தோன்றும்.

அவ்வளவு இல்லை. பல உணவகங்களில் பரிமாறுகிறவர் தன் டிப்ஸில் ஒரு பங்கை மேஜை துடைப்பவருக்கும் பானம் கலந்து கொடுப்பவருக்கும் தர வேண்டும். அந்தப் பங்கை, வந்த டிப்ஸை வைத்துக் கணக்கிடாமல், விற்பனையை வைத்துக் கணக்கிடும் இடங்கள் உண்டு. 60 டாலருக்கு 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1 டாலர் 80 சென்ட். இந்த மேஜையிலிருந்து எதுவும் வராததால், அதை மற்ற மேஜைகளில் கிடைத்ததிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

வரியும் இருக்கிறது. டிப்ஸ் என்பது அமெரிக்காவில் கணக்குக் காட்ட வேண்டிய வருமானம். பெரிய உணவகங்களில், ஊழியர்கள் காட்டிய மொத்த டிப்ஸ் விற்பனையில் 8 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், குறைகிற தொகையை அவர்கள் பெயரில் பங்கு போட்டு வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உண்மையில் அவ்வளவு வரவில்லை என்றால் அதைத் தன் கணக்குப் புத்தகத்தால் காட்ட வேண்டியது ஊழியரின் பொறுப்பு. 2025 ஜூலையில் வந்த சட்டம் ஒன்று, 2025 முதல் 2028 வரை, ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸுக்கு வருமான வரியில் கழிவு கொடுத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் வராத டிப்ஸுக்கு எந்தக் கழிவும் உதவாது.

ஆக, டிப்ஸ் வைக்காமல் போன அந்தக் குடும்பம் பரிசு ஒன்றை மறுத்ததாக நினைக்கிறது. நடந்தது வேறு. ஒருவரிடம் ஒரு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, கூலியைக் கொடுக்காமல் எழுந்து போயிருக்கிறார்கள். சாப்பாட்டு விலையில் அந்தக் கூலி சேரவில்லை. சேர்த்திருந்தால் பில் 60 டாலராக வந்திருக்காது, 70ஐத் தாண்டியிருக்கும்.

இது புரிந்தால் இரண்டாமவரான நீதிபதிக்கும் பதில் கிடைக்கும். அலுவலகத்தில் ஒருநாள் வேலை சரியாக நடக்கவில்லை என்று யாரும் அன்றைய சம்பளத்தையே வெட்டிவிடுவதில்லை. தோசை ஆறிப்போய் வந்தது சமையலறையின் தாமதமாகவும் இருக்கலாம். குறை இருந்தால் மேலாளரை அழைத்துச் சொல்லலாம். 20 வைக்க நினைத்தவர் 15 வைக்கலாம். ஒன்றுமே வைக்காமல் போவது அந்த ஊரில் விமர்சனமாகப் புரிந்துகொள்ளப்படாது.

கொள்கைக்காரருக்குப் பதில்

மூன்றாமவர் சொல்வது சரி. இந்த முறை நல்ல முறை இல்லை. அதன் வரலாறும் அழகானது இல்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு புல்மன் கம்பெனி ரயில்களில் தூங்கும் வசதி கொண்ட பெட்டிகளை ஓட்டியது. அதில் பயணிகளைக் கவனிக்கும் போர்ட்டர்களாக, அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களை வேலைக்கு எடுத்தது. சம்பளம் சொற்பம். பயணிகளின் டிப்ஸில்தான் பிழைப்பு. முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன் என்பதால், பயணிகள் எல்லா போர்ட்டர்களையும் "ஜார்ஜ்" என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் இருந்தும் அதைச் சொல்லி யாரும் அழைக்கவில்லை. 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ப் தலைமையில் அவர்கள் சங்கம் தொடங்கினார்கள். பன்னிரண்டு ஆண்டு போராடி, 1937இல் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள்.

டிப்ஸை ஒழிக்கவும் அமெரிக்கர்கள் முயன்றார்கள். 1909இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸுக்குத் தடைச் சட்டமே போட்டது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. 1926க்குள் அத்தனை சட்டங்களும் ரத்தாகிவிட்டன. அண்மைக் காலத்தில், 2015இல், நியூயார்க்கின் பெயர் பெற்ற உணவக உரிமையாளர் டேனி மேயர் தன் உணவகங்களில் டிப்ஸ் இல்லை, கூலியையும் சேர்த்த விலைதான் என்று அறிவித்தார். 2020இல், கொரோனா காலத்தில், அவரே அதைக் கைவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பினார்.

சங்கத்தாலும், சட்டத்தாலும், முதலாளி தானே முன்வந்தும் மாற்றப் பார்த்த விஷயம் இது. ஒரு பயணி ஒரு மேஜையில் 12 டாலரை மிச்சம் பிடித்தால் மாறிவிடுமா? அந்தப் போராட்டத்தின் செய்தி முதலாளிக்குப் போய்ச் சேராது. சாப்பாட்டுக் காசு அவருக்கு முழுசாக வந்துவிட்டது. அடி விழுவது மணிக்கு 2.13 வாங்குகிறவர் மேல். கொள்கை உண்மையானது என்றால் அதைக் காட்ட வேறு வழி இருக்கிறது. டிப்ஸ் இல்லாமல் முழுச் சம்பளம் தரும் உணவகங்களைத் தேடிப் போகலாம். கவுண்டரில் வாங்கிச் சாப்பிடும் கடைக்குப் போகலாம். அங்கேயே குடியேறி ஓட்டுரிமை பெற்றவர் ஓட்டுப் போடலாம். உட்கார்ந்து, பரிமாறச் சொல்லி, சாப்பிட்டு முடித்த பிறகு கொள்கை பேசுவது மலிவான கொள்கை.

அதற்காக நீட்டுகிற இடத்தில் எல்லாம் கொடுக்க வேண்டும் என்று இல்லை. இப்போது அமெரிக்காவில் ஒரு காபி, ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினாலும் திரையைத் திருப்பி 18, 20, 25 என்று காட்டுகிறார்கள். ஐந்து ஆண்டுக்கு முன்பு இருந்ததைவிட அதிக இடங்களில் டிப்ஸ் எதிர்பார்க்கிறார்கள் என்று 2023இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணிப்பில் 72 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கர்களுக்கே அலுத்துப்போன விஷயம் இது. இங்கேயும் அதே கேள்வியைக் கேட்டால் போதும். கவுண்டருக்குப் பின்னால் நின்று பாட்டிலை எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் டிப்ஸை நம்பிக் குறைத்துப் போட்ட கூலியில் இல்லை. அவருக்கு விரும்பினால் கொடுக்கலாம். "வேண்டாம்" என்ற பொத்தானை அழுத்துவதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர்தானே!

கொடுத்தால் சங்கடம்

அமெரிக்காவில் பழகிய கையோடு ஜப்பான் போகிறவர் நேர் எதிரான தப்பைச் செய்வார். மேஜையில் ஆயிரம் யென் வைத்துவிட்டு வந்தால், பணத்தை மறந்துவிட்டதாக நினைத்துக் கடைக்காரர் தெருவில் பின்னாலேயே ஓடிவரக்கூடும். அங்கே பரிமாறுகிறவரின் கூலி விலையிலேயே சேர்ந்திருக்கிறது. நன்றாகக் கவனிப்பது வேலையின் பகுதி. அதற்குத் தனியாகக் காசு நீட்டினால் அவருக்குச் சங்கடம். சாப்பிட்டு எழும்போது "கோச்சிசோசாமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விருந்துக்கு நன்றி என்பது மாதிரி. பணத்தைக் கையில் திணிக்காமல், கல்லாவில் வைத்திருக்கும் சின்னத் தட்டில் வைப்பது முறை.

அங்கே வேறொரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கும். இசகாயா என்கிற சாப்பிட்டுக் குடிக்கும் கடைகளில், கேட்காமலேயே ஒரு சிறு கிண்ணத்தில் ஏதாவது தின்ன வைப்பார்கள். பில்லில் அதற்குச் சில நூறு யென் இருக்கும். "ஓதோஷி" என்று பெயர். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். அது உட்காரும் கட்டணம். இத்தாலியில் இதே வேலையைச் செய்வது "கோப்பெர்தோ" என்று தலைக்கு இவ்வளவு என்று சேர்க்கும் தொகை. மெனுவிலேயே சின்ன எழுத்தில் இருக்கும்.

பிரான்ஸில் மெனு விலையில் சேவைக் கட்டணம் ஏற்கெனவே அடக்கம். அதற்கு மேல் மேஜையில் விட்டுவரும் சில்லறைக்கு "பூர்புவார்" என்று பெயர், "குடிப்பதற்கு" என்று பொருள். ஜெர்மன் மொழியில் டிப்ஸுக்கு உள்ள சொல்லின் பொருளும் குடிக்கும் காசுதான். நம்மூரில் "டீ குடிக்க வைத்துக்கொள்" என்று கொடுப்பது ஞாபகம் வருகிறதா? அந்த அளவுக்குத்தான் அங்கே அதற்கு மதிப்பு. ஜெர்மனியில் மேஜையில் விட்டுவர மாட்டார்கள். 27 யூரோ 40 சென்ட் பில் என்றால், பணம் கொடுக்கும்போதே "30" என்று சொல்லிவிடுவார்கள். மிச்சம் அவருக்கு.

பிரிட்டனில் பல உணவகங்கள் பில்லிலேயே 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்துவிடும். முன்பு அது ஊழியருக்குப் போகிறதா, முதலாளி பைக்குப் போகிறதா என்பது புதிர். 2023இல் சட்டம் இயற்றி, 2024 அக்டோபர் 1 முதல், டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுசாகத் தொழிலாளருக்கே போக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பில்லில் அது இருந்தால் மறுபடியும் கொடுக்கத் தேவையில்லை. பார்க்காமல் இரண்டு முறை கொடுத்துவிட்டு வருகிறவர்கள் ஏராளம்.

சிங்கப்பூரில் மெனு விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், ஒன்று 10 சதவீதச் சேவைக் கட்டணம், மற்றது 9 சதவீத ஜிஎஸ்டி. வரி, சேவைக் கட்டணத்தின் மேலும் விழும். 100 வெள்ளிச் சாப்பாடு 119 வெள்ளி 90 காசு ஆகும். டிப்ஸ் வேண்டாம். உணவங்காடி நிலையங்களில் சேவைக் கட்டணமும் இல்லை. ஆனால் அங்கே வேறு ஒன்றைக் கேட்பார்கள். சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது கட்டாயம். முதல் முறை எச்சரிக்கை, பிறகு அபராதம். காலியான மேஜையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ மறந்து போட்டது என்று எடுத்துவிடக் கூடாது. அது சீட்டில் துண்டு போடுவதன் சிங்கப்பூர் வடிவம்!

மேஜை நாகரிகமும் இதே கேள்வியும்

அமெரிக்காவில் கடைசி வாய் உள்ளே போகும்போதே பில் வந்து உட்கார்ந்துவிடும். "விரட்டுகிறார்கள்" என்று பலருக்குக் கோபம் வரும். பாரிஸில் சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆனாலும் பில் வராது. "கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறார்கள்" என்று அங்கே அதற்கு ஒரு கோபம். கேள்வி ஒன்றுதான். டிப்ஸில் பிழைக்கிறவருக்கு எத்தனை மேஜை நிரம்பிக் காலியாகிறதோ அத்தனை வருமானம். அதனால் அங்கே பில்லை வேகமாகக் கொண்டுவருவது இயல்பு. சம்பளம் நிலையாக இருக்கிற பாரிஸில் அந்த அவசரம் இல்லை. வாடிக்கையாளர் கேட்காமல் பில்லை வைப்பதுதான் மரியாதைக் குறைவு. சாப்பிட்டு முடித்த பிறகும் இரண்டு மணி நேரம் அரட்டை அடிக்க ஆசை என்றால் பாரிஸில் தாராளமாக அடிக்கலாம். டல்லாஸில் அடித்தால், அந்த இடத்துக்கும் சேர்த்து டிப்ஸ் வைப்பதுதான் நியாயம்.

எல்லாப் பழக்கமும் கூலிக் கணக்கில் அடங்காது என்பதும் உண்மை. ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவது முறை. பக்கத்தில் இருக்கிற கொரியாவில் கிண்ணம் மேஜையிலேயே இருக்க வேண்டும், தூக்கினால் அநாகரிகம். ஜப்பானில் சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்துவார்கள். குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பிறகு எலும்புகளை அப்படித்தான் எடுப்பார்கள்.

தமிழர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. கல்யாணப் பந்தியில் இலையைத் தன் பக்கமாக மடிப்பதும், துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்பதும் பெரும்பாலான வீடுகளில் உண்டு. மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு வந்த வெள்ளைக்காரர் இலையை மாற்றி மடித்தால் யாரும் சண்டைக்குப் போக மாட்டார்கள். பக்கத்தில் இருக்கிற பெரியவர் சிரித்துக்கொண்டே மடித்துக் காட்டுவார். பயணிக்கு எந்த ஊரிலும் இந்தச் சலுகை கிடைக்கும். தெரியாமல் செய்வதை மன்னிப்பார்கள். தெரிந்த பிறகும் "எங்கள் ஊரில் இப்படித்தான்" என்று அடம்பிடித்தால்தான் முகம் சுளிப்பார்கள். அதுவும் குச்சித் தப்பில் போவது மரியாதை மட்டும்தான், டிப்ஸ் தப்பில் இன்னொருவரின் கூலி போகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஊருக்குத் திரும்பினால்

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே சர்வரின் சம்பளம் முதலாளி தருவது. குறைவாக இருக்கலாம், ஆனால் டிப்ஸைக் காட்டிக் குறைக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28இல் டில்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பில்லில் அது இருந்தால் எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

எடுக்கச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை. ஆனால் அப்படி மிச்சமான பணத்தில் பத்து ரூபாயாவது சப்ளையர் கைக்குப் போகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் போவதில்லை. சோம்புத் தட்டில் விட்டுவந்த சில்லறையும் இப்போது குறைந்துவிட்டது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து 347 ரூபாய் என்றால் 347 ரூபாய் மட்டுமே போகிறது. மீதிச் சில்லறை என்று ஒன்று வந்தால்தானே தட்டில் விடுவதற்கு? யாரும் கஞ்சர்களாக மாறிவிடவில்லை. வழி மாறிவிட்டது, அதைக் கவனிக்கத் தோன்றவில்லை. சட்டைப்பையில் இருபது ரூபாய் நோட்டு இரண்டு வைத்துக்கொண்டால் தீர்ந்தது. அதில் ஒன்று மேஜை துடைக்கிறவருக்கு. அவர் பில் கொடுக்க வருவதில்லை என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

காசில்லாமலே கொடுக்கக் கூடியதும் ஒன்று உண்டு. விரலைச் சொடுக்கி அழைப்பது, "ஏய்", "டேய் பையா" என்று நாற்பது வயதுக்காரரைக் கூப்பிடுவது, போனில் பேசிக்கொண்டே கையை ஆட்டி ஆர்டர் கொடுப்பது எல்லாம் நம்மூர் ஹோட்டல்களில் தினமும் நடக்கிறது. எல்லோரையும் "ஜார்ஜ்" என்று கூப்பிட்ட அந்த ரயில் பயணிகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. "அண்ணே, கொஞ்சம் சாம்பார்" என்று சொல்ல ஒரு பைசா செலவில்லை. அமெரிக்கா போய் வந்தவர்கள் அங்கே பத்துத் தடவை "தேங்க் யூ" சொல்லிப் பழகிவிட்டு, இங்கே இறங்கியதும் மறந்துவிடுவதுதான் வேடிக்கை.

ஆகவே பயணம் கிளம்புகிறவர் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஊறுகாய் பாட்டிலுக்கு நடுவில் இந்த மூன்றை மட்டும் எடுத்துப்போனால் போதும். இந்த ஊரில் பரிமாறுகிறவரின் கூலி விலையில் சேர்ந்திருக்கிறதா, இல்லையா என்று முன்கூட்டியே விசாரிப்பது. பில்லை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்து, சேவைக் கட்டணம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பது. கூலி சேரவில்லை என்று தெரிந்தால், அதையும் சாப்பாட்டு விலையோடு கூட்டிப் பார்த்து, கட்டுபடியாகுமா என்று உட்காருவதற்கு முன்பே முடிவு செய்வது. 60 டாலர் சாப்பாடு உண்மையில் 72 டாலர் என்று தெரிந்து உட்காருகிறவருக்குப் பில் வரும்போது கோபம் வராது. கட்டுபடியாகாது என்றால் பக்கத்திலேயே கவுண்டர் கடை இருக்கும், அங்கே போய் வயிறாரச் சாப்பிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.